புளித்த மணம்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் எழுதிவரும் கட்டுரைத் தலைப்புகளுள் ‘மதுவின் தீமைகள்’ என்பதும் ஒன்று. முன்னுரையில் வள்ளுவர் வருவார். கள்ளுண்ணாமை அதிகாரம் வரும். அடுத்த பத்தியில் பொருள் இழப்பு. அதற்கடுத்து உடல்நலக் கேடு. பின்னர்க் குடும்பச் சீரழிவு. முடிவுரையில் இளைஞர்கள் விழிப்புணர்வு பெற்றாக வேண்டும். இந்த வரிசை மாறியதே இல்லை. கெடா மாநிலத்துத் தோட்டப்பள்ளி ஒன்றில் ஆசிரியராகச் சேர்ந்து, தலைமையாசிரியராக உயர்ந்து, 2010-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற ஒருவர் இக்கட்டுரையை 36 ஆண்டுகள் திருத்தியிருக்கிறார். ‘கள்ளுகடை’ என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் சிவப்பு மையால் விடுபட்ட ஒற்றைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். நன்றாக அமைந்த கட்டுரைகளை வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டியிருக்கிறார். தம் வீட்டுக் கதையை மட்டும் அவர் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை.

அவருக்கு 12 வயதாக இருந்தபோது, 1964-இல், அவருடைய தந்தை இறந்தார். ‘காய்ச்சலில் போய்விட்டார்’ என்பது வீட்டில் சொல்லிப் பழகிய வாசகம். தாயார் ஊராரிடம் அப்படித்தான் சொன்னார். ஆசிரியரும் பின்னாளில் மனைவியிடம் அதையே சொன்னார். மகளிடமும் அதையே சொன்னார்.

மகள் ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் மருந்தாளுநராகப் பணியாற்றுகிறாள். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆசிரியர் அவளோடு சில வாரங்கள் தங்கிவரச் சென்றார். கோட்டையைப் பார்த்தார், அரும்பொருளகத்தைப் பார்த்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டுக்கு நகரின் நடுவே 200 அடி உயரத்தில் எழுப்பியிருக்கும் நினைவுச் சின்னத்தின்முன் நெடுநேரம் நின்றார். எழுத்தாளன் ஒருவனுக்கு இத்தனை கல்லா என்று தமிழாசிரியர் எவர்க்கும் சற்றுப் பொறாமை தோன்றும் இடம் அது. பிறகு ஒருநாள் மகள் தயங்கித் தயங்கி ஒரு செய்தியைச் சொன்னாள். உடன் பணிபுரிவோர் அவளுடைய பிறந்தநாளுக்காக இரண்டு நுழைவுச்சீட்டுகள் தந்திருந்தனர். நகருக்கு வெளியே உள்ள விஸ்கி வடிசாலை ஒன்றைச் சுற்றிப் பார்க்கவும், முடிவில் சுவைத்துப் பார்க்கவும் உரிய சீட்டுகள் அவை.

“குடிக்கிறதுக்கு இல்லப்பா. எப்படிச் செய்யறாங்கன்னு பாக்கலாம். வேணாம்னா விட்டுடலாம்.”

பணம் கொடுத்து வாங்கிய சீட்டை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களின் இயல்பு அது. வருவதாகச் சொன்னார்.

கிளென்கின்சி வடிசாலை எடின்பரோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 மைல் தொலைவில், பென்கேட்லண்ட் என்னும் சிற்றூரை அடுத்து இருக்கிறது. வழியெங்கும் வாற்கோதுமை வயல்கள். அறுவடைக் காலம். முற்றிய கதிர்கள் ஒரே பக்கமாகத் தலைசாய்ந்து நின்றன. பள்ளத்தாக்கில் இறங்கியதும் செங்கல்லால் கட்டிய உயர்ந்த கட்டடங்களும் புகைபோக்கியும் தெரிந்தன. சாராயம் வடிக்கும் இடம் என்றால் மறைவாகவும் அழுக்காகவும் இருக்கும் என்று எண்ணிப் பழகியவருக்கு அந்தப் பூந்தோட்டமும் புல்வெளியும் ஏமாற்றம் தந்தன என்றே சொல்லவேண்டும்.

அந்த வடிசாலையின் வரலாறு 1825-இல் தொடங்குகிறது. ரேட் என்னும் குடும்பப் பெயர் கொண்ட உழவர்களான சகோதரர் இருவர் அதனை நிறுவினர். 1837 முதல் இப்போதைய பெயர் வழங்குகிறது. நடுவே, 1853-இல், அது கைமாறி, வாங்கியவர் அதனை மரம் அறுக்கும் பட்டறையாக மாற்றிவிட்டார். 1880-களில் மீண்டும் வடிசாலையாயிற்று. ‘மரப்பட்டறையாகவே விட்டிருக்கலாம்’ என்று ஆசிரியர் தமக்குள் எண்ணிக்கொண்டார்.

பார்வையாளர்களை அழைத்துச் சென்றவர் அறுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி. முதலில் அவர் காட்டியது வடிசாலை ஒன்றின் சிறிய மாதிரி வடிவம். உண்மைப் பொறிகளின் ஆறில் ஒரு பங்கு அளவில், ஒவ்வோர் உறுப்பும் நுணுக்கமாகச் செய்யப்பட்டிருந்தது. 1924-இல் இலண்டன் வெம்பிளியில் நடைபெற்ற பிரித்தானியப் பேரரசுப் பொருட்காட்சிக்காகச் செய்தது என்று அவர் விளக்கினார். ஆசிரியர் அந்தப் பொருட்காட்சியைப் பற்றி முன்பே படித்திருந்தார். மலாயாவுக்கும் அங்கே தனி மண்டபம் இருந்தது. ஈயமும் ரப்பரும் அதில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரே திடலில் ஸ்காட்லாந்தின் விஸ்கிக்கு ஓரிடம், மலாயாவின் ரப்பருக்கு ஓரிடம். அந்த ரப்பருக்குப் பால்மரம் வெட்டியவர்களுள் அவருடைய பாட்டனாரும் ஒருவர். தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு மட்டும் அங்கே மாதிரி வடிவம் செய்து வைத்திருக்க மாட்டார்கள்.

ஆசிரியர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துக்கொண்டார். எங்கே போனாலும் குறிப்பெடுப்பது அவர் வழக்கம். வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து முளைகட்டுகிறார்கள். முளை வளர்ந்துவிடாமல் உரிய நேரத்தில் உலர்த்திவிடுகிறார்கள். தானியத்திலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுவதற்கு அந்த முளையே வழிசெய்கிறது. ஆங்கிலத்தில் ‘மால்ட்’ என்கிறார்கள். அவர் தம் குறிப்பேட்டில் ‘மால்ட் – முளைமா?’ என்று எழுதிக் கேள்விக்குறி இட்டார். அவருடைய தாயார் கேழ்வரகை ஈரத்துணியில் கட்டி முளைக்கவைத்து, காயவைத்து, அரைத்துக் கஞ்சி காய்ச்சுவார். அதே வேலைதான், போய்ச் சேரும் இடம் வேறு. இந்த வடிசாலையில் முளைகட்டும் வேலை 1968-இல் நின்றுவிட்டது. இப்போது வெளியிலிருந்து வருகிறது. வந்த தானியத்தை அரைத்து, வெந்நீரில் கரைத்து, இனிப்பான சாற்றைப் பிரித்தெடுத்து, மரத்தொட்டிகளில் நிரப்பி ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள்.

அந்தத் தொட்டிகள் இருந்த கூடத்துக்குள் நுழைந்தபோதுதான் அது நிகழ்ந்தது.

தொட்டிகள் ஆள் உயரத்தைக் காட்டிலும் பன்மடங்கு ஆழமானவை. தளத்துக்கு மேலே தெரிவது அவற்றின் வாய்ப்பகுதி மட்டுமே. பெண்மணி ஒரு தொட்டியின் மூடியைத் திறந்து, “மெதுவாகக் குனியுங்கள்; கரியமிலவாயு மூக்கில் ஏறும்” என்று எச்சரித்தார். முன்னே நின்றவர்கள் குனிந்தார்கள், இருமினார்கள், சிரித்தார்கள். ஆசிரியரும் குனிந்தார்.

கள்ளு.

வேறொன்றும் இல்லை. புளித்த மாவின் வாடை, அதன் அடியில் ஒரு பழ வாசனை, மூக்கைக் குத்தும் ஒரு காரம். அறிவியலை வைத்துப் பார்த்தால் இதில் வியப்பதற்கு ஏதும் இல்லை. தென்னம்பாளையில் வடியும் இனிப்பு நீரானாலும் வாற்கோதுமைச் சாறானாலும், அதில் ஈஸ்ட் செய்யும் வேலை ஒன்றே: சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமிலவாயுவாகவும் பிரிப்பது. இங்கே ஈஸ்ட்டை அளந்து போடுகிறார்கள். பாளையில் அது காற்றோடு தானே வந்து சேர்கிறது. இங்கே தொட்டியில் ஏறத்தாழ 8 விழுக்காடு சாராயம் உண்டாகும். கள்ளில் அதனினும் குறைவு. கள்ளு காலையில் இனிக்கும், மாலையில் புளிக்கும், மறுநாள் காடியாகும். இவையெல்லாம் ஆசிரியருக்குத் தெரியும். ஆறாம் வகுப்புக்கு நொதித்தலைப் பாடமாகவே நடத்தியிருக்கிறார். ஆனால் அறுபது ஆண்டுகளாக அந்த மணத்தை அவர் முகர்ந்ததில்லை. கள்ளுக்கடை இருந்த பாதையைத் தவிர்த்துச் சுற்றுவழியாக நடந்தே அவர் வளர்ந்தார்.

மணத்தோடு வந்தது அடி அன்று, ஏச்சும் அன்று. அந்தி மங்கும் நேரத்தில், ரப்பர் மரங்களுக்கிடையே செம்மண் பாதையில், தந்தையின் தோள்மீது உட்கார்ந்து லயத்துக்குத் திரும்பிய ஒரு நாள் வந்தது. தந்தையின் சட்டையில் அந்த மணம் இருந்தது. அவர் பாடிக்கொண்டு நடந்தார். அந்த நாள் தம் நினைவில் இருப்பதே ஆசிரியருக்கு அதுவரை தெரியாது. கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார். மகள் அருகில் வந்து, “மயக்கமா இருக்காப்பா?” என்றாள். இல்லை என்று தலையசைத்தார்.

அந்தத் தந்தையைப் பற்றி இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். போருக்குப் பின் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் இளைஞர் இயக்கம் எழுந்தது. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தோன்றி, அக்கம்பக்கத் தோட்டங்களுக்குப் பரவியது. இளைஞர்கள் அரைக்காற்சட்டை அணிந்து அணிவகுத்துப் பழகினர், கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர், குடிப்பவர்களைத் தடுத்தனர். 1947-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காவல் துறையினரோடு மோதல் மூண்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது, பலர் சிறை சென்றனர். கள்ளை எதிர்த்த குரல் அதற்கு முன்பும் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் தோட்டங்களிலுள்ள கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. குடியை வேண்டாமென்று முதலில் சொன்னவர்கள் குடித்த மக்களின் பிள்ளைகளே. பாடநூற் கட்டுரைகளில் இது வருவதில்லை.

ஆசிரியரின் தந்தை 24 வயதில் அந்தப் படையில் இருந்தவர். கள்ளுக்கடை வாசலில் கைகோத்து நின்றவர்களுள் ஒருவர். அவரே பின்னாளில் அந்தக் கடையின் வாடிக்கையாளர் ஆனார். எப்போது, எதனால் என்று தாயார் சொன்னதில்லை. கேட்டால், “எல்லாரும் போனாங்க, அவரும் போனாரு” என்பார். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நிரை வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டால் பிற்பகலில் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. தோட்டத்தில் நூலகம் இல்லை, கடை இருந்தது. பிறகு கள்ளு போதாமற் போயிற்று. கித்தாக்காட்டுக்குள் திருட்டுத்தனமாக வடித்த சம்சு வந்தது. சம்பள நாளில் தாயார் அலுவலக வாசலிலேயே காத்து நிற்பார். கிராணியின் கையிலிருந்து பணம் தம் கைக்கு வந்தால் அந்த மாதம் அரிசி உண்டு. வராத மாதங்களும் உண்டு. அந்த மாதங்களில் அடியும் உண்டு. 1964-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம், ஓர் அதிகாலையில், வெட்டுக்குப் போனவர்கள் அவரை வடிகாலில் கண்டெடுத்தனர். இரவு முழுதும் மழை. மருத்துவமனையில் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து இறந்தார்.

வடிக்கும் கூடத்தில் இரண்டு செப்புக் கொப்பரைகள் நின்றன. பெரியது 30,000 லிட்டருக்கு மேல் கொள்ளும். ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய கொப்பரைகளுள் ஒன்று. புளித்த சாற்றை அதில் காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்து, கிடைத்ததை இரண்டாம் கொப்பரையில் மறுபடியும் காய்ச்சுகிறார்கள். ஆவி குளிர்வதற்காகத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் செப்புக்குழாய்க்கு ‘புழு’ என்றே பெயர். முதலில் வருவதைத் தலை என்கிறார்கள், நடுவில் வருவதை நெஞ்சு என்கிறார்கள், கடைசியில் வருவதை வால் என்கிறார்கள். நெஞ்சை மட்டுமே பீப்பாய்க்கு எடுத்துக்கொள்கிறார்கள். மற்றவை மீண்டும் கொப்பரைக்கே போகும். கித்தாக்காட்டில் சம்சு வடித்தவர்கள் தலையென்றும் வாலென்றும் பிரித்தார்களா என்று ஆசிரியர் எண்ணிப் பார்த்தார்.

சாராயம் ஓடிவரும் இடத்தில் பித்தளைச் சட்டமும் கண்ணாடியுமாக ஒரு பெட்டி இருந்தது. அதற்குப் பூட்டு. முற்காலத்தில் அதன் திறவுகோல் அரசாங்கத்தின் தீர்வை அதிகாரியிடமே இருந்தது. 1823-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் பெற்று வடிப்பதை எளிதாக்கியது. அதனோடு வரி தவறாமல் வந்துசேரவும் வழி செய்தது. ஒரு சொட்டுக்கும் கணக்கு உண்டு. ஆனால் அந்தப் பூட்டு வரியைக் காக்கப் போட்டதே தவிர, குடிப்பவனைக் காக்கப் போட்டதன்று. நம் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கும் உரிமம் இருந்தது.

பீப்பாய்க் கிடங்கு இருளாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் கிடந்தால்தான் சட்டப்படி அதனை ஸ்காட்ச் விஸ்கி என்று அழைக்கலாம். ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 விழுக்காடு மரத்தின் வழியே ஆவியாகிவிடுகிறது. அதற்கு ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆசிரியர் குறிப்பேட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டார். 12 ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்றோடு போய்விடும். அப்படிப் போவதைப் பொறுத்துக் காத்திருக்கும் வசதி இங்கே இருக்கிறது. காலையில் வடிந்து மாலையில் குடித்துத் தீர்க்கப்பட்ட ஒன்றை அவர் நினைத்துக்கொண்டார்.

சுவைக்கும் அறை மாடியில். பெரிய சன்னல்கள், வெளியே வயல்கள். மேசைமீது ஒவ்வொருவர் முன்பும் மல்லிகை மொட்டுப்போல் வயிறு பருத்து வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணங்கள். முதலில் நிறம் பார்க்கவேண்டுமாம்; பின்பு முகரவேண்டுமாம்; பின்பு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகரவேண்டுமாம். புல் வெட்டிய வாசனை, எலுமிச்சை, தேன் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். நயம் பாராட்டும் வகுப்பைப் போலவே இருந்தது. 43 விழுக்காட்டுச் சாராயத்தை அரை மணி நேரம் கண்ணாலும் மூக்காலும் பருகிய பிறகே உதட்டில் வைத்தார்கள். வண்டி ஓட்டுபவர்களுக்கு மட்டும் குடிக்கத் தரவில்லை. அவர்கள் பங்கைச் சிறு குப்பிகளில் ஊற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். ஸ்காட்லாந்தில் 2014-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து வாகன ஓட்டுநருக்குரிய சாராய வரம்பு இங்கிலாந்தைவிடக் கடுமையாக்கப்பட்டிருக்கிறது. மகளின் முன் குப்பிகள் இருந்தன. ஆசிரியரின் முன் கிண்ணம் தொடாமல் இருந்தது.

பெண்மணி அதைக் கவனித்தார், வற்புறுத்தவில்லை. மற்றவர்கள் எழுந்து சன்னலருகே சென்றபின், உங்களுக்கும் குப்பியில் ஊற்றித் தரட்டுமா என்று மட்டும் கேட்டார். ஆசிரியர் தலையசைத்துவிட்டு, நெடுநேரமாக மனத்தில் வைத்திருந்த ஒன்றைக் கேட்டார்: இங்கே வேலை செய்தவர்கள் குடித்தார்களா?

அவர் உடனே விடை சொல்லவில்லை. குப்பியை மூடிவிட்டுச் சொன்னார். முன்பெல்லாம் ஸ்காட்லாந்தின் வடிசாலைகளில் தொழிலாளர்க்கு நாள்தோறும் சாராயம் கொடுப்பது வழக்கம். காலையில் வேலை தொடங்கும்போது ஒன்று, நண்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. பீப்பாயில் முதிர்ந்தது அன்று. கொப்பரையிலிருந்து இறங்கிய நிறமற்ற புதுச் சாராயம். வரிசையில் நின்று வாங்கி, ஒரே மிடறில் விழுங்கிவிட்டு வேலைக்குத் திரும்பவேண்டும். அழுக்கான வேலை செய்தவர்க்கு ஒன்று கூடுதல். 1970-களிலும் அதன் பின்னருமே இந்த வழக்கம் மெல்ல மறைந்தது. அவருடைய தந்தை வடக்கே வேறோர் ஊரில் அப்படி வாங்கிக் குடித்தவர். போதாததற்குச் செப்புக்குழாய் ஒன்றைக் காற்சட்டைக்குள் தொங்கவிட்டுத் திருடிக்கொண்டும் வருவார். அந்தக் குழாய்க்கு ‘நாய்’ என்று பெயர். எசமானை விட்டுப் பிரியாது அல்லவா என்று சொல்லிப் பெண்மணி சிரித்தார். பிறகு, “வெள்ளிக்கிழமைகளில் அம்மா ஆலை வாசலில் போய் நிற்பார், சம்பளம் கைமாறுவதற்குள் வாங்கிவிட” என்றார். விலைப்பட்டியலைப் படிப்பது போன்ற குரலில்தான் சொன்னார்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன்பின் அவர் சொல்லத் தொடங்கினார். ஆங்கிலத்தில், முன்பின் அறியாத ஒருவரிடம், வடிகாலில் தொடங்கி, கடை வாசலில் கைகோத்து நின்ற 24 வயது இளைஞன்வரை பின்னோக்கிச் சொன்னார். தமிழில் அதனைச் சொல்வதற்கு அவரிடம் இருந்தவை கட்டுரைச் சொற்களே. அச்சொற்கள் அத்தனை ஆண்டுகளாகப் பிறர்க்குத் திருத்திக் கொடுத்தவை. பெண்மணி இடையே ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் அவருடைய கைமீது தம் கையை ஒரு கணம் வைத்துவிட்டு, அடுத்த குழுவை அழைத்துவரச் சென்றார்.

மகள் அவர் பக்கத்திலேயே அமர்ந்திருந்தாள்.

“காய்ச்சல்னு சொன்னீங்களேப்பா.”

“காய்ச்சலும் இருந்திச்சும்மா.”

திரும்பும் வழியில் வெகுதூரம் இருவரும் பேசவில்லை. பின்பு மகள் தன் மருந்தகத்தைப் பற்றிச் சொன்னாள். குடியை விடுவதற்கான மாத்திரையை நாள்தோறும் வந்து அவள் கண்முன் விழுங்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் கழுத்துப்பட்டை அணிந்து வருவார்கள். அந்த நாட்டரசு 2018 மே மாதத்திலிருந்து மதுவுக்குக் குறைந்தபட்ச விலையைச் சட்டத்தால் விதித்திருக்கிறது. விஸ்கித் தொழிலதிபர்களின் சங்கம் அதனை எதிர்த்து வழக்காடியதால் 2012-இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வர ஆறு ஆண்டுகள் ஆயின. ஆசிரியர் கேட்டுக்கொண்டே வந்தார். வயலில் அறுவடைப் பொறிகள் விளக்கேற்றி ஓடிக்கொண்டிருந்தன.

“தாத்தா என்ன பாட்டுப் பாடினாரு?” என்று மகள் கேட்டாள்.

அவருக்குப் பாட்டின் சொற்கள் நினைவில் இல்லை. மெட்டுக் கொஞ்சம் இருந்தது. முனகிக் காட்டினார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அன்று இரவு உணவுக்குப்பின், மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கையில், சமையலறை மேசையில் இருந்த குப்பிகளுள் ஒன்றை அவர் திறந்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். தேன் இருந்தது, மரம் இருந்தது, பெண்மணி சொன்ன புல்லும் இருந்ததுபோலத் தோன்றியது. இரண்டு சொட்டுத் தண்ணீரும் விட்டுப் பார்த்தார்.

“என்னப்பா தேடறீங்க?”

“இதுல இல்லம்மா. அந்தத் தொட்டியிலதான் இருந்திச்சு” என்று சொல்லிவிட்டுக் குப்பியை மூடினார்.